“அது வேற விஷயம்” என்று எழுதிவிட்டீர்களே, தம்பி

கேள்வி: திருப்பூரில் அப்பா ஆரம்பித்த பனியன் கம்பெனியை மூன்று வருடமாக நடத்துகிறேன். 60 பேர் வேலை செய்கிறார்கள். போனஸில் குறை வைத்ததில்லை. டீ, வடை, அவசரத்துக்கு அட்வான்ஸ் எல்லாம் உண்டு. ஆனால் யாருக்கும் பொறுப்பில்லை. நூல் கோன் தீர்ந்தால்கூட எனக்குத்தான் போன். போன மாதம் அப்பா காலத்துக் கட்டிங் மாஸ்டர் என்னைக் கேட்காமல் துணி ரோலைப் பிரித்து ஒரு ராத்திரி முழுக்கப் போட்டுவிட்டார். நாலு பேர் முன்னால் சத்தம் போட்டேன், அது வேற விஷயம். இவர்களுக்கு எப்படிப் பொறுப்பு வரவைப்பது?

பதில்: போனஸை விடுங்கள். 20 பேர் இருந்தாலே குறைந்தது 8.33 சதவீதம் என்று சட்டமே சொல்கிறது. எனக்கு அந்த ராத்திரியைப் பற்றித்தான் பேச வேண்டும்.

பின்னல் துணி ரோலில் இழுபட்டுச் சுற்றியிருக்கும். பிரித்துப் போட்டு ஆற விட்டால்தான் தன் அளவுக்குத் திரும்பும். லைக்ரா கலந்ததென்றால் கேட்கவே வேண்டாம், 24 மணி நேரம்கூட விடுவார்கள். அவசரத்தில் லே போட்டு, அதாவது துணியை அடுக்காக விரித்து, வெட்டினால், செக்கிங் மேஜையில் டேப் வைக்கும்போது நீளம் குறைந்து நிற்கும். மாஸ்டர் உங்கள் சரக்கைக் காப்பாற்றியிருக்கிறார். அதற்கு வசவு! ஓவர்லாக் தையல் மெஷினில் உட்கார்ந்து அதைப் பார்த்த பெண் இனி எதையாவது கேட்காமல் தொடுவாளா? நூல் கோனுக்குப் போன் வருவது அங்கிருந்துதான்.

அப்பாவோடு நின்ற மனுசன் உங்களுக்குப் பெரியப்பா மாதிரி. கம்பெனி கைக்கு வந்தபோது அந்த மரியாதையும் சேர்ந்துதான் வந்தது.

நாளைக் காலை கேபினுக்குள் கூப்பிடாதீர்கள். கட்டிங் டேபிள் பக்கத்தில், அதே ஆட்கள் முன்னால், “மாஸ்டர், அன்னைக்கு நீங்க செஞ்சதுதான் சரிங்க” என்று சொல்லுங்கள். துணி எவ்வளவு நேரம் ஆற வேண்டும், துணியின் ஷேடு, அதாவது நிறம், மாறினால் நிறுத்துவதா என்பதெல்லாம் இனி அவர் முடிவு. டொயோட்டா கார் ஆலையில், தப்பு தெரிந்தால் லைனில் நிற்கும் தொழிலாளியே வேலையை நிறுத்தலாம். நூலுக்கும் ஊசிக்கும் ஒரு தொகையை சூப்பர்வைசர் கையில் கொடுங்கள்; சனிக்கிழமை கணக்குப் பார்த்தால் போதும். ஒப்படைத்துவிட்டுக் கைகழுவவும் கூடாது. மாஸ்டர் கூப்பிட்டால் போய்ப் பக்கத்தில் நில்லுங்கள்.

ஒருநாள் அவர் கணக்கும் தப்பும், ஷிப்மென்ட் தள்ளும். அன்றைக்கு சரக்கு வாங்கும் பையரிடம் “அது எங்க கம்பெனி முடிவுங்க” என்று நீங்கள் பேச வேண்டும். மாஸ்டர் பெயர் அங்கே வரக்கூடாது.

மாஸ்டரிடம் பேசிவிட்டு அடுத்த கடிதம் எழுதுங்கள். அதற்கு முன்னால் வேண்டாம்.