பெட்டிக்கு திசையை சொல்லுங்க, எழுத்தை திருப்பாதீங்க
வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணே, ஷார்ஜால ஒரு டைப்பிங் சென்டர்ல வேலை பாக்குறேன். வர்றவங்க பேரு, நம்பர் வாங்கி வைக்க நானே ஒரு ஃபார்ம் பண்ணேன். அரபி வலப்பக்கத்துலேர்ந்து வரணும்னு தேடினப்ப பழைய ஜாவாஸ்கிரிப்ட் ஒண்ணு கிடைச்சுது, ஒவ்வொரு கீ அழுத்தும்போதும் எழுத்தை முன்னாடி சொருகிட்டு கர்சரை பூஜ்யத்துக்கு, அதாவது முதல் எழுத்துக்கும் முன்னாடி கொண்டு போகும். போட்டதுலேர்ந்து பேரெல்லாம் உடைஞ்சு தெரியுது, சர்ச்ல சிக்கல, பேக்ஸ்பேஸ் வேலையே செய்யல. போன் நம்பர்ல பிளஸ் வேற வலது ஓரத்துக்கு ஓடிடுது. எல்லா பெட்டிக்கும் ஆர்டிஎல் (வலமிருந்து இடம்) போட்டும் பாத்துட்டேன். எங்க தப்பு?
– ஷார்ஜாவிலிருந்து ஒரு வாசகர்

பதில்: தம்பி, முதல்ல அந்த ஸ்கிரிப்டை முழுசா தூக்கிடுங்க, மத்ததை அப்புறம் பேசலாம்.

அது ஒரு காலத்துல தேவைப்பட்ட வித்தைதான். பழைய ஃபிளாஷ்ல (வெப் பக்கத்துல அனிமேஷன், கேம் ஓட்டுன மென்பொருள்) இருந்த டெக்ஸ்ட் ஃபீல்டுக்கு வலமிருந்து இடம் எழுதவே தெரியாது, 2008ல வந்த ஃபிளாஷ் பிளேயர் 10லதான் அதுக்கு புது டெக்ஸ்ட் என்ஜினே வந்துச்சு, அதுவரைக்கும் ஆளுங்க எழுத்தை தலைகீழா அடுக்கித்தான் சமாளிச்சாங்க. பிரவுசர் அப்படி இல்ல, அரபி எழுத்தை பாத்தா தானாவே வலமிருந்து அடுக்கிடும். நீங்க ஒருதரம் திருப்புறீங்க, அது ஒருதரம் அடுக்குது, எல்லாம் கெட்டுது.

ஹமீத்னு அடிச்சு பாருங்க. ஹா, மீம், யா, தால், நாலு எழுத்து. ஒழுங்கா அடிச்சா மெமரில இதே வரிசைல உக்காரும், ஸ்கிரீன்ல வலது ஓரத்துல ஹா ஆரம்பிச்சு நாலும் ஒண்ணோட ஒண்ணு கை கோத்துக்கிட்டு நிக்கும். உங்க ஸ்கிரிப்ட் ஒவ்வொண்ணையும் முன்னாடி சொருகுறதால உள்ள போய் சேர்றது தால், யா, மீம், ஹா. தாலுக்கு தனக்கு அடுத்து வர்ற எழுத்தோட சேர்ற வழக்கம் கிடையாது, அதனால அது தனியா நிக்கும், மத்த மூணும் வேற வடிவத்துல சேர்ந்துக்கும். நீங்க உடைஞ்சு தெரியுதுன்னு சொன்னது இதைத்தான். டேட்டாபேஸ்லயும் தலைகீழாவே போயிருக்கு, அப்புறம் சர்ச்ல எப்படி சிக்கும்? கர்சர் எப்பவும் பூஜ்யத்துலயே நிக்குது, அதுக்கு முன்னாடி அழிக்க எழுத்தே இல்ல, அதான் பேக்ஸ்பேஸ் சும்மா இருக்கு.

ஒண்ணு மட்டும் மனசுல வச்சுக்கோங்க, மெமரில எழுத்து எப்பவும் அடிச்ச வரிசைலதான் இருக்கும், வலமா இடமாங்கிறது காட்டும்போது வர்ற விஷயம். செலக்‌ஷன்ஸ்டார்ட் குடுக்குற எண்ணும் (கர்சர் எத்தனையாவது இடத்துல நிக்குதுங்கிற எண்) அந்த வரிசையைத்தான் சொல்லுது, கண்ணுக்கு தெரியுற இடத்தை இல்ல.

பேரு பெட்டிக்கு திசையை சொல்ற டிர் (dir) அட்ரிப்யூட்ல ஆட்டோன்னு (auto) போடுங்க, போதும். திசை உள்ள முதல் எழுத்து அரபியா இருந்தா பெட்டி வலமா திரும்பும், இங்கிலீஷோ தமிழோ இருந்தா இடமாவே இருக்கும். ஒரே குறை, பெட்டி காலியா இருக்கும்போது ஆட்டோ இடப்பக்கம்தான் எடுத்துக்கும், அதனால அரபில வச்ச பிளேஸ்ஹோல்டர் (காலிப் பெட்டில மங்கலா தெரியுற குறிப்பு) இடது ஓரத்துல ஒட்டிக்கிட்டு நிக்கும். இங்கதான் ஸ்கிரிப்ட்டுக்கு வேலை, இன்புட் ஈவென்ட்ல (பெட்டில எழுத்து மாறும்போதெல்லாம் வர்றது) பெட்டி காலின்னா ஆர்டிஎல், எழுத்து வந்தா ஆட்டோன்னு மாத்துங்க (பக்கம் திறந்த உடனேயும் ஒருதரம் இதை ஓட விடுங்க). வேல்யூவை, அதாவது உள்ள இருக்குற எழுத்தை, தொடவே தொடாதீங்க. அப்படியே டிர்நேம்னு ஒரு அட்ரிப்யூட் இருக்கு, அதையும் சேத்துட்டா ஃபார்ம் அனுப்பும்போது திசையும் கூடவே போகும், பிரிண்ட் எடுக்குற பக்கத்துக்கு உதவும்.

போன் நம்பர் தனிக்கதை. எல்லா பெட்டிக்கும் ஆர்டிஎல் போட்டீங்கல்ல, அதுலதான் பிளஸ் ஓடுது. எண்ணு அரபிலயும் இடமிருந்து வலமாத்தான் ஓடும், ஆனா முன்னாடி நிக்கிற பிளஸ்ஸுக்கு சொந்த திசை இல்ல, பெட்டி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் சாஞ்சிடும். நடுவுல ஸ்பேஸ் விட்டு அடிச்சா +971 50ங்கிறது 50 971+னு தெரியும். பெட்டியோட டைப்பை டெல்னு (tel) வச்சு டிர் எதுவும் போடாம விடுங்க, பக்கம் முழுக்க ஆர்டிஎல்லா இருந்தாலும் அந்தப் பெட்டி இடமிருந்து வலமாவே இருக்கும். ஈமெயில் பெட்டிக்கு மட்டும் எல்டிஆர்னு (இடமிருந்து வலம்) நீங்களே எழுதிடுங்க.

ஏற்கனவே சேந்த பேரெல்லாம் என்ன ஆகும்னு கவலை வரும். அந்த ஸ்கிரிப்ட் வழியா அடிச்சு ஏறின ரெக்கார்டை மட்டும் பிரிச்சு எடுத்து எழுத்து எழுத்தா திருப்பினா பழைய வரிசை வந்துடும், பேஸ்ட் பண்ணது மட்டும் திருப்பக்கூடாது. எது எதுன்னு சந்தேகம்னா பாஸ்போர்ட் காப்பியோட ஒவ்வொண்ணா ஒத்துப் பாருங்க, நேரம் ஆனா ஆகட்டும். ஒரு ஆளோட பேரு தம்பி, தப்பா பிரிண்ட் ஆயிடுச்சுன்னா அவருதான் கவுன்ட்டர் கவுன்ட்டரா அலையணும்.

கேள்வி: சார், எங்க உம்மாவோட உம்மா அரபுத்தமிழ்ல (தமிழை அரபு எழுத்துல எழுதுறது) எழுதி வச்ச நோட்டை டைப் பண்றேன். ஒரு வரி அரபு எழுத்து, கீழ தமிழ்ல அர்த்தம். ஒரே டெக்ஸ்ட்ஏரியால (பல வரி அடிக்கிற பெட்டி) ரெண்டும் எப்படி? தமிழ் எழுத்துல இருக்குற வார்த்தைல ஆரம்பிக்கிற அரபுத்தமிழ் வரி குழம்பி போகுது.
– காயல்பட்டினத்திலிருந்து ஒரு வாசகி

பதில்: படிக்கவே சந்தோஷமா இருக்கும்மா, விட்டுடாம முழுசும் அடிச்சு முடிங்க. டெக்ஸ்ட்ஏரியாக்கும் டிர் ஆட்டோதான், அதுல என்டர் தட்டுன ஒவ்வொரு வரிக்கும் தனித்தனியா திசை பாக்கும். நீங்க சிஎஸ்எஸ்ல (பக்கத்தோட தோற்றத்தை சொல்ற கோடு) டெக்ஸ்ட்-அலைன் லெஃப்ட்னு வச்சிருந்தா ஸ்டார்ட்னு மாத்துங்க, இல்லேன்னா திசை மாறியும் வரி இடப்பக்கமே ஒட்டி நிக்கும். தமிழ் வார்த்தைல ஆரம்பிக்கிற வரிய முழுசும் தமிழ் வரின்னு அது நினைச்சுக்குது, அதனால வரி தொடக்கத்துல ஆர்எல்எம்னு, வலமிருந்து இடம்னு சொல்ற ஒரு கண்ணுக்கு தெரியாத எழுத்தை வைங்க, யூனிகோட்ல 200எஃப். கீபோர்ட்ல அது இல்லேன்னா ஒரு பட்டன் வச்சு, அமுக்கினா கர்சர் இருக்குற இடத்துல செட்ரேஞ்ச்டெக்ஸ்ட்ங்கிற ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை மூலமா சொருகுற மாதிரி பண்ணிக்கோங்க. அடைப்புக்குறி திரும்பி தெரிஞ்சா பயப்படாதீங்க, உள்ள அதே எழுத்துதான், வரியோட திசைக்கு ஏத்த மாதிரி முகத்தை திருப்பிக்குது, நீங்க கையால மாத்தி அடிச்சா அப்புறம் தேடும்போது கிடைக்காது.