கொம்ஃப்ரி மண்ணுக்குத்தான், வயிற்றுக்கு இல்லை

போன இதழில் லீக்ஸ் பாத்தியைப் பற்றி எழுதும்போது, வேலியோரம் கொம்ஃப்ரி (இலையை வெட்டிப் பசளையாகப் போடுவதற்கு வளர்க்கிற ஒரு மேல்நாட்டுச் செடி) நாலு மூடு நிற்கிறது, அதை வெட்டித்தான் பாத்திக்குப் போடுகிறேன் என்று போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அவ்வளவுதான். வந்த கடிதங்களில் பாதி அதைப் பற்றியே. லீக்ஸைப் பற்றி ஒருத்தரும் கேட்கவில்லை. சரி, இந்த முறை முழுக்க அதுவே இருக்கட்டும்.

அக்கா, எங்கள் லயத்துக்குப் பின்னால் நாலைந்து பாத்தி போடுகிற அளவுக்கு இடம் இருக்கிறது. கொம்ஃப்ரியின் வேர் ஆழத்துக்குப் போய் அடிமண்ணில் உள்ள சத்தையெல்லாம் மேலே கொண்டுவருமாம், அதை வைத்தால் வேறு பசளையே தேவையில்லையாம். யூடியூபில் சொல்கிறார்கள். உண்மையா? எப்படி நடுவது? — கந்தப்பளை வாசகி

பாதி உண்மை, தங்கச்சி. வேர் ஆழமாகப் போவது உண்மை, இலையில் பொட்டாசியம் நிறைய இருப்பதும் உண்மை, நார் குறைவு என்பதால் மண்ணில் போட்டால் சீக்கிரம் மக்கிப் போவதும் உண்மை. ஆனால் மண்ணில் இல்லாததை அது எங்கிருந்து கொண்டுவரும்? நான் முதலில் வைத்தது இரண்டு மூடு. ஒன்று மாட்டுக் கொட்டிலில் இருந்து கழுவின தண்ணீர் ஓடுகிற கானுக்குப் பக்கத்தில், மற்றது மேலே, மழையில் மண் அரித்துப் போன மேட்டில். கானோரம் நின்றது என் முழங்கைக்கு நீளமாக இலை விட்டு, வெட்ட வெட்ட வந்தது. மேட்டில் நின்றது இரண்டு வருஷமாகியும் கோபித்துக்கொண்டு உட்கார்ந்த பிள்ளை மாதிரி அப்படியே இருந்தது, அதற்கும் இரண்டு கூடை மாட்டெரு போட்ட பிறகுதான் நிமிர்ந்தது. அதனால் அது பசளைத் தொழிற்சாலை இல்லை. எருவை வாங்கி இலையாக மாற்றித் தருகிற ஒரு வங்கி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவது சுலபம். கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு வேர்த்துண்டு கிடைத்தால் போதும், இரண்டு அங்குல ஆழத்தில் படுக்க வைத்து மூடுங்கள். மூடுக்கு மூடு இரண்டரை, மூன்று அடி இடைவெளி வேண்டும், நெருக்கி வைத்தால் ஒன்றை ஒன்று மிதிக்கும். பாத்திக்கு நடுவே வைக்கவே வேண்டாம், ஏன் என்று கடைசிக் கடிதத்தைப் படித்தால் தெரியும். முதல் வருஷம் பூத்தண்டை மட்டும் கிள்ளிவிட்டு வேர் பிடிக்க விடுங்கள். அடுத்த வருஷத்திலிருந்து, செடி முழங்கால் உயரம் வந்ததும் நிலத்துக்கு மேலே இரண்டு அங்குலம் விட்டு வெட்டலாம். தேயிலைக்குக் கவ்வாத்து வெட்டிப் பழகிய கைக்கு இதெல்லாம் ஒரு வேலையா? வருஷத்துக்கு நாலு வெட்டு எடுக்கலாம். தை மாதத்து உறைபனியில் இலை கருகிப் போனால் பயப்படாதீர்கள், வேர் சாகாது, மறுபடி துளிர்க்கும். இலையில் இருக்கிற சுணை கையை அரிக்கும், நீளக்கைச் சட்டை போட்டுக்கொண்டு வெட்டுங்கள்.

உருளைக்கிழங்கு போடுவதாக இருந்தால் வெட்டின இலையை ஒரு நாள் வாடவிட்டு, கிழங்கு வைக்கிற சாலில் பரப்பி, அதற்கு மேல் கொஞ்சம் மண், பிறகு கிழங்கு. வாடாமல் போட்டால் ஓடில்லா நத்தைகளுக்கு விருந்து வைத்த மாதிரி.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கொம்ஃப்ரி கிடைக்கவில்லை என்று யாரும் கவலைப்பட வேண்டாம். ரோட்டோரமெல்லாம் மஞ்சளாகப் பூத்துக் கிடக்கிற காட்டுச் சூரியகாந்தி இருக்கிறதே, அதன் இலையிலும் தழைச்சத்தும் பொட்டாசியமும் தாராளமாக இருக்கிறது, சல்லிக்காசு செலவில்லை. 2021 மே மாதம் இலங்கையில் இரசாயன உர இறக்குமதியை நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை விலக்கினார்களே, அந்த இடைப்பட்ட மாதங்களில் என் பாத்திக்குக் கைகொடுத்தது அதுதான். அப்போது கொம்ஃப்ரி என்ற பெயரே எனக்குத் தெரியாது.

இலையைத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மூன்றாம் வாரம் நாற்றம் தாங்க முடியவில்லை, பக்கத்து வீட்டார் எலி செத்துக் கிடக்கிறதா என்று தேடுகிறார்கள். ஏதாவது பிழை விட்டேனா? — வெலிமடை வாசகர்

ஒரு பிழையும் இல்லை, தம்பி. காற்றுப்படாமல் இலையில் உள்ள புரதம் அழுகினால் அந்த வாசம் வரத்தான் செய்யும். நான் முதல் தடவை வாளியைக் குசினி வாசலுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டேன். தீபாவளிக்கு வந்த நாத்தனார் மூக்கைப் பொத்திக்கொண்டு, “என்ன அண்ணி, பின்னால் குழி ஏதும் நிரம்பிவிட்டதா?” என்று கேட்டாள். அன்றைக்குப் பலகாரம் எல்லாம் மிச்சம்.

அளவு சொல்கிறேன்: ஒரு கிலோ இலைக்கு 15 லீட்டர் தண்ணீர், இறுக்கமான மூடி, நாலைந்து வாரம். வடித்து அப்படியே வேரடியில் ஊற்றலாம். மூடி முக்கியம். இல்லாவிட்டால் நுளம்பு வந்து குடியேறும், டெங்கு பார்க்க வருகிறவர்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

நாற்றம் குறைய வேண்டுமென்றால் தண்ணீரே விடாமல் செய்யுங்கள். நான் இப்போது அப்படித்தான் செய்கிறேன். பழைய பெயின்ட் வாளியை நன்றாகக் கழுவி, அடியில் ஆணியால் ஒரு ஓட்டை, உள்ளே இலையை நறுக்கித் திணித்து மேலே அம்மிக்குழவி அளவில் ஒரு கல். வாளியை இரண்டு செங்கல் மேல் ஏற்றி, ஓட்டைக்கு நேரே கீழே ஒரு போத்தல். இரண்டு மூன்று வாரத்தில் சொட்டுச் சொட்டாக வடிய ஆரம்பிக்கும், கருப்பட்டிப் பாகு மாதிரி கறுப்பாக, பிசுக்கென்று. ஒரு பங்குக்குப் பதினைந்து பங்கு தண்ணீர் கலந்து ஊற்றுங்கள். மழைத் தண்ணீர் உள்ளே இறங்காமல் ஒரு தகரத்துண்டைப் போட்டு மூடிவிடுங்கள், தென்மேல் பருவக்காற்று நேரத்தில் நான் அதை மறந்து ஒரு வாளியை வீணாக்கியிருக்கிறேன்.

தக்காளி, போஞ்சி, கறிமிளகாய், ஸ்ட்ரோபெரி எல்லாவற்றுக்கும் பூ வந்த பிறகு கொடுத்தால் பலன் தெரியும். நாற்றுக்கு ஊற்ற வேண்டாம், அதற்கு இது அதிகம்.

அம்மாவுக்கு முழங்கால் வலி. கொம்ஃப்ரி என்பது நம்ம எலும்பொட்டிதான், கஷாயம் வைத்துக் குடித்தால் எலும்பு பலப்படும் என்று தெரிந்தவர் ஒருவர் சொன்னார். கொடுக்கலாமா அக்கா? — பண்டாரவளை வாசகி

கொடுக்காதீர்கள். இதை இரண்டு தடவை படியுங்கள்.

எலும்பொட்டி என்று நம்ம வைத்தியர்கள் சொல்வது வேறு செடி, பயறு அவரை குடும்பத்தைச் சேர்ந்த ஒரு புதர். கொம்ஃப்ரிக்கும் அதற்கும் உறவே இல்லை. இங்கிலீஷ்காரர்களும் பழைய நாளில் கொம்ஃப்ரியை எலும்பை ஒட்டவைக்கிற இலை என்ற அர்த்தத்தில் பெயர் வைத்துக் கூப்பிட்டார்கள், அந்தப் பெயரைத் தமிழில் சொல்லப்போய்த்தான் இந்தக் குழப்பம்.

கொம்ஃப்ரியில் பைரோலிசிடின் அல்கலொயிட் என்ற நஞ்சு இருக்கிறது. ஈரலுக்குள் இருக்கிற சின்ன இரத்தக் குழாய்களை அடைத்து, ஈரலைக் கெடுத்துவிடும். வேரில் இன்னும் அதிகம், இளம் இலையிலும் குறைவில்லை. குடித்த அன்றைக்கே ஒன்றும் தெரியாது, அதுதான் பயம். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2001இல், வாயால் உட்கொள்ளும் கொம்ஃப்ரி தயாரிப்புகளைச் சந்தையிலிருந்து எடுக்கச் சொல்லிக் கம்பனிகளுக்கு எழுதியது. கீரை மாதிரி வதக்குவது, வடைக்குள் போடுவது எதுவும் வேண்டாம்.

சுளுக்குக்கு மேலே பூசுகிற கொம்ஃப்ரி களிம்பு சில நாடுகளில் கடையில் விற்கிறது. அதுகூட காயமில்லாத தோலில், கொஞ்ச நாளைக்கு மட்டும். வீட்டில் அரைத்துக் கட்டுவதற்கு நான் சரி சொல்ல மாட்டேன். அம்மாவின் முழங்காலை டொக்டரிடம் காட்டுங்கள்.

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. குளிர்பிரதேசத்தில் பூவுக்காக வளர்க்கும் ஃபொக்ஸ்குளோவ் பூக்காத நேரத்தில் கொம்ஃப்ரி போலவே இருக்கும், அது இதயத்தை நிறுத்துகிற விஷம். கொம்ஃப்ரி இலையின் ஓரம் வழுவழுவென்று வெட்டில்லாமல் இருக்கும், தடவினால் சுணை குத்தும். மற்றதன் ஓரத்தில் பொடிப் பல், தடவினால் மெத்தென்றிருக்கும். மாற்றி எடுத்துக் குடித்துச் செத்தவர்கள் வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

லண்டனில் இருக்கிற அண்ணா வருகிறபோது பொக்கிங் 14 என்ற நல்ல சாதியின் வேரைப் பெட்டிக்குள் வைத்துக் கொண்டுவரவா என்று கேட்கிறார். — நோர்வூட் வாசகர்

சாதி நல்லதுதான். 1950களில் எஸெக்ஸில் பொக்கிங் என்ற ஊரில் லோரன்ஸ் ஹில்ஸ் என்பவர் பல சாதிகளை நட்டுப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது அது. விதை விழாது, அதனால் கண்ட இடத்தில் முளைக்காது. ஆனால் பெட்டிக்குள் வேண்டாம். 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கப் பயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின்படி செடி, வேர் கொண்டுவர அனுமதி எடுக்க வேண்டும். வேரோடு ஒட்டின மண்ணில் என்ன வரும் என்று யாருக்குத் தெரியும்? நம்ம பக்கத்து உருளைக்கிழங்குக் காணிகளில் நூற்புழு படுத்துகிற பாடு போதாதா? அண்ணாவை சொக்லட் கொண்டுவரச் சொல்லுங்கள்.

பசுவுக்கும் கோழிக்கும் போடலாமா? — ஹட்டன் வாசகி

போட்டவர்கள் உண்டு. நான் போடமாட்டேன். மேலே சொன்ன நஞ்சு கொஞ்சம் பாலிலும் முட்டையிலும் வரக்கூடும், அந்தப் பாலைக் குடிப்பது நம்ம பிள்ளைகள்.

வைத்த இடம் சரியில்லை என்று மம்பட்டியால் கொத்திப் பிடுங்கிவிட்டு கரட் போட்டேன். இப்போது கரட்டுக்கு நடுவே பதினோரு கொம்ஃப்ரி நிற்கிறது! — ராகலை வாசகர்

நீங்கள் பிடுங்கவில்லை அண்ணா, நறுக்கி நட்டிருக்கிறீர்கள். உடைந்த வேர் ஒவ்வொன்றும் ஒரு செடி. இனி மம்பட்டியைத் தொடாதீர்கள். துளிர் தலைகாட்டின உடனே கிள்ளிக்கொண்டே இருங்கள், கரட் எடுத்த பிறகு அந்த இடத்தில் காட்போர்ட்டை விரித்து, மேலே சாக்கைப் போட்டு ஒரு போகம் வெளிச்சம் படாமல் மூடிவையுங்கள். வெளியே எடுத்த வேரைத் தகரத்தின் மேல் போட்டு வெயிலில் சருகாகக் காயவிட வேண்டும், பச்சையாக உரக்குழியில் கொட்டக் கூடாது. நான் கொட்டினேன். வேலியோரம் நாலு மூடு என்று எழுதினேனே, மூன்றாவதும் நாலாவதும் வந்தது அப்படித்தான்.