ஒரே யூரோப்பியம் (ஓர் அருமண் உலோகம்) ஒரு பாஸ்பரில் (ஆற்றலை வாங்கி ஒளியாக விடும் பொருள்) சிவப்பாகவும் இன்னொன்றில் நீலமாகவும் ஒளிர்வது ஏன்?

முதலில் கேட்க வேண்டியது, எந்த யூரோப்பியம் என்பதுதான். மூன்று எலக்ட்ரானை இழந்த யூரோப்பியமும் (3+) இரண்டை இழந்ததும் (2+) ஒளிரும் விஷயத்தில் இரண்டு தனித்தனித் தனிமங்கள் மாதிரி.

3+ அயனியில் (எலக்ட்ரான் இழந்த அணுவில்) 4f என்ற உள்மட்டத்து எலக்ட்ரான்கள் தங்களுக்குள்ளேயே மட்டம் மாறி ஒளியை விடுகின்றன. அவற்றுக்கு வெளியே 5s, 5p எலக்ட்ரான்கள் போர்வை மாதிரி மூடியிருப்பதால், சுற்றியுள்ள படிகத்தின் மின்புலம் உள்ளே அவ்வளவாக எட்டுவதில்லை. அதனால் எந்தப் பொருளில் கலந்தாலும் கிட்டத்தட்ட அதே இடங்களில் மெல்லிய கோடுகள் வரும். யிட்ரியம் ஆக்சைடில் 611 நானோமீட்டர் சிவப்பு. படிகத்துக்கு வேலையே இல்லையா என்றால், இருக்கிறது. 590 நானோமீட்டர் பக்கம் ஓர் ஆரஞ்சுக் கோடும் உண்டு. அயனி சமச்சீர் மையமுள்ள இடத்தில் உட்கார்ந்தால் ஆரஞ்சு ஓங்கும், இல்லாவிட்டால் சிவப்பு. அயனி எப்படிப்பட்ட இடத்தில் இருக்கிறது என்று வேவு பார்க்கவே இதைப் பயன்படுத்துகிறார்கள்.

2+ கதை வேறு. இங்கே எலக்ட்ரான் 5d என்ற வெளிமட்டத்திலிருந்து 4f-க்கு இறங்குகிறது. 5d-க்கு அந்தப் போர்வை கிடையாது, பக்கத்து அணுக்கள் இழுத்த இழுப்புக்குப் போகும். பேரியம் மெக்னீசியம் அலுமினேட்டில் 450 நீலம், ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டில் 520 பச்சை, சில நைட்ரைடுகளில் 620-ஐயும் தாண்டிய சிவப்பு. கோடாக இல்லாமல் அகலமான பட்டையாக வரும். ஆகவே '2+ என்றால் நீலம்' என்று மனப்பாடம் செய்வது வீண். வெள்ளை எல்.இ.டி.யில் நீலச் சில்லின் மேல் பூசும் சீரியம் 3+ மஞ்சள் பாஸ்பரும் இதே 5d வகைதான்.

செய்யும்போது இந்த வித்தியாசம் நேராகவே தெரியும். யூரோப்பியம் ஆக்சைடாக உள்ளே போவது 3+. அதை 2+ ஆக்க, நைட்ரஜனில் கொஞ்சம் ஹைட்ரஜன் கலந்து உலையில் சூடேற்ற வேண்டும். ஸ்ட்ரான்ஷியம் அலுமினேட்டை வெளியே எடுத்து நிறமாலை பார்த்தால், சில சமயம் பச்சைப் பட்டைக்கு அப்பால் 612 பக்கம் 3+ இன் ஒரு சின்ன முள் நீட்டிக்கொண்டிருக்கும். சரி, ஒடுக்கம் (3+ ஐ 2+ ஆக்குவது) முழுசாக நடக்கவில்லை, திரும்ப உலைக்கு!

அப்புறம், யூரோப்பியத்தை அள்ளிப் போட்டால் வெளிச்சம் கூடும் என்று நினைக்க வேண்டாம். ஓர் அளவுக்கு மேல் அயனிகள் நெருங்கிவிட்டால் ஆற்றல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவி, கடைசியில் ஏதோ ஒரு படிகக் குறையில் வெப்பமாக வீணாகும்.

நேரில் பார்க்க ஆசையா? பழைய சி.எஃப்.எல். விளக்கு ஒன்றின் பிம்பத்தை சி.டி.யின் பளபளப்பான பக்கத்தில் பாருங்கள். விளக்கின் வடிவமே தனித்தனி நிறங்களில் பிரிந்து தெரியும். பொதுவாக அதில் சிவப்பு யூரோப்பியம் 3+, பச்சை டெர்பியம். நீலத்தில் பாதரசத்தின் சொந்தக் கோடும் கலந்திருக்கும், ஆனால் பாஸ்பர் தரும் நீலம் பெரும்பாலும் யூரோப்பியம் 2+ தான். உங்கள் கேள்வியின் இரண்டு நிறங்களும் ஒரே குழாய்க்குள்ளேயே இருக்கின்றன.