ஓ.எல் எழுதிய பிள்ளைக்கு முதல் நிரலாக்க மொழி எது? விசுவமடுத் தாய் ஒருவருக்குப் பதில்

அம்மா,

மகள் ஓ.எல் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை வீட்டில் நிற்கிறா, கொம்பியூட்டர் படிக்க ஆசைப்படுகிறா. ரவுணில் உள்ள வகுப்பில் ஜாவா என்கிறார்கள், லண்டனில் இருக்கும் உங்கள் தம்பி சி பிளஸ் பிளஸ் என்கிறார். எதற்குக் காசு கட்டுவது என்று கேட்டிருக்கிறீர்கள். பிள்ளை பைதன் என்ற மொழியில் தொடங்கட்டும். இந்த இரண்டு மாதத்துக்கு எந்த வகுப்புக்கும் காசு கட்ட வேண்டாம்.

பைதன் என்று உறுதியாகச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏ.எல் ஐ.சி.ரி (தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம்) பாடத்திட்டத்தில் இருப்பது பைதன்தான். மகள் அந்தப் பாடத்தை எடுத்தால் இப்போது பழகுவது பரீட்சைக்கும் உதவும். அடுத்தது, அவவுக்கு ஆங்கிலம் போதாது என்ற உங்கள் பயம். பைதன் தனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கும் சொற்கள் 35 மட்டுமே. அதிலும் முதல் மாதத்தில் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் தேவைப்படாது. புரோகிராமில் பெறுமானங்களை வைத்திருக்கும் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாம், பைதன் 3 அதை ஏற்றுக்கொள்ளும். விசைப்பலகையை ஒவ்வொரு வரிக்கும் மாற்றுவது அலுப்பாக இருந்தால் மூடை, ஏக்கர் போன்ற சொற்களை ஆங்கில எழுத்தில் அடித்தாலும் சரி. கட்டுரை எழுதும் அளவுக்கு ஆங்கிலம் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஜாவா கூடாத மொழி அல்ல. பெரிய நிறுவனங்களில் நிறையப் பாவிக்கிறார்கள். ஆனால் திரையில் ஒரு வரியைக் காட்டுவதற்கே 'கிளாஸ்', 'மெயின் மெதட்' என்று விளங்காத பல சொற்களை மனனம் செய்து எழுத வேண்டியிருக்கும். தனியாக இருந்து பழகும் பிள்ளை அந்த இடத்தில்தான் மனம் விடும். சி பிளஸ் பிளஸ் நினைவகத்தை நாமே கையாளும் மொழி, அதற்கு முதலில் அடிப்படை உறைக்க வேண்டும். தம்பியிடம் அதை இரண்டாவது மொழியாகச் சொல்லித்தரக் கேளுங்கள். இணையத்தளம் செய்வதில்தான் பிள்ளைக்கு முழு ஆசையும் என்றால் ஜாவாஸ்கிரிப்ட் நல்ல தெரிவு, உலாவி ஒன்று இருந்தாலே போதும்.

ஓ.எல் ஐ.சி.ரி புத்தகத்தில் பஸ்கால் என்ற மொழியைப் படித்திருந்தால் அது வீண்போகாது. தெரிவு, மீள்செய்கை (ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்விப்பது), பாய்ச்சற் கோட்டுப்படம் எல்லாம் அப்படியே இங்கும் வரும். ஒரே ஒரு இடத்தில் கவனம் வேண்டும். பஸ்காலில் 1 முதல் 10 வரை என்று மீள்செய்கை எழுதினால் 10உம் சேரும். பைதனில் ரேஞ்ச் என்பதற்குள் 1, 10 என்று கொடுத்தால் 9உடன் நின்றுவிடும். 10உம் வேண்டுமென்றால் 11 என்று கொடுக்க வேண்டும். பஸ்காலில் இருந்து வரும் பிள்ளைகளின் விடை ஒன்றால் பிழைப்பது பெரும்பாலும் இதனால்தான்.

இனி, வீட்டில் உள்ள பழைய லப்டொப். புதிது வாங்க வேண்டாம். தொனி (Thonny) என்ற இலவச மென்பொருளை இறக்குங்கள். அதற்குள்ளேயே பைதன் இருக்கிறது, தனியாக நிறுவத் தேவையில்லை. ஒருமுறை இறக்கினால் பிறகு டேட்டா இல்லாமலே வேலை செய்யும். மெசினில் விண்டோஸ் 7 இருந்தால் பைதன் 3.8க்கு மேல் ஓடாது. தொனியின் தளத்தில் 3.8உடன் வரும் 32 பிட் பதிப்பு தனியாக இருக்கிறது, அதை எடுங்கள். முதல் வருடத்துக்கு அது தாராளம். லப்டொப் பழுதாகிவிட்டால் அன்ட்ரொய்ட் போனில் பைட்ரொய்ட் 3 (Pydroid 3) என்ற செயலியைப் போடலாம். போன் விசைப்பலகை வரியின் முதல் எழுத்தைத் தானாகப் பெரிய எழுத்தாக்கும், பைதனோ பெரிய எழுத்தையும் சின்ன எழுத்தையும் வேறு வேறாகப் பார்க்கும். திரையில் காட்டச் சொல்லும் பிரின்ட் என்ற சொல்லைச் சரியாக அடித்தும் 'அப்படி ஒரு பெயர் இல்லை' என்று பிழை காட்டினால் காரணம் இதுதான். அமைப்புகளில் அந்த வசதியை நிறுத்திவிடுங்கள்.

நாளுக்கு முக்கால் மணித்தியாலம், கிழமைக்கு ஐந்து நாள் போதும். ஞாயிற்றுக்கிழமை ஒரே இருப்பில் நான்கு மணித்தியாலம் இருப்பதால் பயன் குறைவு. முதல் இரண்டு கிழமை மாறி, உள்ளீடு, 'இப்படியானால் இதைச் செய்' என்னும் இஃப். அடுத்த இரண்டில் மீள்செய்கை. ஐந்தாம் ஆறாம் கிழமைகளில் பட்டியல். பிறகு சார்பு (பெயரிட்டு வைத்து வேண்டியபோது அழைக்கும் புரோகிராம் பகுதி), கோப்பில் எழுதி வாசித்தல். பைதன் பாட வீடியோ பார்ப்பதை முக்கால் மணித்தியாலத்தில் பதினைந்து நிமிடத்துக்குள் நிறுத்த வேண்டும். அதன் பிறகு வீடியோவை மூடிவிட்டு, பார்த்ததைப் பாராமல் எழுதிப் பார்க்க வேண்டும். பார்த்துப் பார்த்துத் தட்டச்சு செய்யும் பிள்ளைக்கு எல்லாம் விளங்கியது போலவே இருக்கும், வெற்றுத் திரை முன்னால் இருத்தினால் ஒரு வரி வராது.

பயிற்சிக்கு வீட்டுக் கணக்கையே கொடுங்கள். காலபோகத்தில் மேல் வயலில் 30 மூடை, கீழ் வயலில் 28 மூடை. இரண்டையும் கேட்டுவாங்கிக் கூட்டிச் சொல்லும் புரோகிராம் ஒன்றை மகள் எழுதுகிறா என்று வையுங்கள். ஓடவிட்டால் 58க்குப் பதிலாக 3028 என்று வரும். பிழைச் செய்தி எதுவும் வராது. பாவிப்பவரிடம் கேட்டுவாங்கும் இன்புட் எதை வாங்கினாலும் எழுத்தாகவே வாங்கும், எழுத்தோடு எழுத்தைக் கூட்டினால் பக்கத்தில் ஒட்டும். வாங்கியதை இன்ட் என்பதற்குள் போட்டால் எண்ணாகும், 58 வரும். பிறகு ஏக்கரையும் கேட்கலாம் என்று நினைத்து 2.5 என்று கொடுத்தால் அதே இன்ட் பிழை காட்டி நின்றுவிடும், ஏனென்றால் அது முழு எண்ணை மட்டுமே ஏற்கும். அந்த இடத்தில் தசம எண்ணையும் ஏற்கும் ஃபுளோட் போட வேண்டும். இந்த மூன்று நிலையையும் தானே தட்டுத்தடுமாறிக் கடக்க விடுங்கள். விடையை உடனே சொல்லிக்கொடுக்கும் அண்ணாமார் அக்காமார் கொஞ்சம் பொறுக்க வேண்டும்.

பிழைச் செய்தி சிவப்பில் வந்ததும் பிள்ளைகள் பயந்து திரையை அழித்துவிடுகிறார்கள். அதைக் கடைசி வரியில் இருந்து வாசிக்கப் பழக்குங்கள். என்ன வகைப் பிழை என்பது கடைசி வரியில் இருக்கும், எத்தனையாம் வரி என்பது அதற்கு மேலே இருக்கும். ஒரு கொப்பியில் பிழையின் பெயரையும் அது வந்த காரணத்தையும் தமிழில் எழுதி வைக்கட்டும். பத்துப் பன்னிரண்டு பெயர்கள்தான் திரும்பத் திரும்ப வரும். 3.8 பதிப்பில் அடைப்புக்குறியை மூட மறந்தால் பிழையை அடுத்த வரியில் காட்டும். காட்டிய வரி சரியாக இருந்தால் அதற்கு மேல் வரியைப் பாருங்கள். இன்னொன்று: கோப்புக்கு ரன்டம், டேர்ட்டில் என்று பைதனின் சொந்தத் தொகுதிகளின் (அதனோடு ஆயத்தமாக வரும் புரோகிராம்களின்) பெயரை வைத்தால், உண்மையான தொகுதிக்குப் பதில் பிள்ளையின் கோப்பே அழைக்கப்படும். பெயரை மாற்றினால் சரியாகிவிடும்.

எட்டுக் கிழமை முடிந்ததும், வீடியோவும் கொப்பியும் இல்லாமல், ஐந்து வயல்களின் மூடைக் கணக்கை வாங்கி, கூட்டுத்தொகையும் ஆகக்கூடிய விளைச்சலும் சொல்லும் புரோகிராமை ஒரு மணித்தியாலத்தில் எழுதச் சொல்லுங்கள். எழுதினால் வகுப்புக்குக் காசு கட்டுவதைப் பற்றி யோசிக்கலாம். மொறட்டுவைப் பல்கலைக்கழகம் இணையத்தில் இலவசமாக நடத்தும் பைதன் தொடக்கநிலைக் கற்கைநெறியும் இருக்கிறது, முதலில் அதை முடிக்கட்டும். எழுத முடியவில்லை என்றால் மொழியை மாற்ற வேண்டாம். மீள்செய்கைக்குத் திரும்பிப் போய் இன்னும் இரண்டு கிழமை இருக்கட்டும். பைதன் வரவில்லை என்று ஜாவாவுக்குத் தாவும் பிள்ளை அங்கேயும் அதே மீள்செய்கையில்தான் நிற்கும்.

தனியார் வகுப்பில் சேர்ப்பதானால் மூன்றாம் நிலை மற்றும் வாழ்க்கைத் தொழிற் கல்வி ஆணைக்குழுவில் பதிவு இருக்கிறதா, சான்றிதழ் என்.வி.கியூ (தேசிய தொழிற் தகைமை) மட்டத்தில் வருகிறதா, ஒரு பிள்ளைக்கு ஒரு கணினி உண்டா என்று கேளுங்கள். மூன்று மாதத்தில் வேலை என்று சொன்னால் காசை வெளியில் எடுக்காதீர்கள்.

மொழியைவிட அவசரமான முடிவு ஒன்று பெறுபேறு வந்ததும் உங்கள் முன்னால் வரும். கணிதப் பிரிவில் இரசாயனவியலை விட்டு ஐ.சி.ரி எடுக்கலாம் என்று பிள்ளைகள் நினைப்பதுண்டு. பொறியியல் பீடத்துக்கு இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் மூன்றும் வேண்டும். அறிவியல் நகரில் உள்ள யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பொறியியல் பீடத்துக்குப் போகும் எண்ணம் மகளுக்குச் சிறிதாவது இருந்தால் இரசாயனவியலை விடக்கூடாது. கணினித் துறைதான் என்று முடிவாக இருந்தால், பம்பைமடுவில் உள்ள வவுனியாப் பல்கலைக்கழகம் உட்பட எந்தப் பட்டத்துக்கு எந்தப் பாடச் சேர்க்கை ஏற்கப்படுகிறது என்பதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் அந்த வருடக் கைநூலில் பார்த்த பிறகே படிவத்தை நிரப்புங்கள். ஏ.எல் சரிவராவிட்டாலும் கிளிநொச்சி இலங்கை ஜேர்மன் பயிற்சி நிலையத்தில் தகவல் தொழில்நுட்பத்துக்கு என்.வி.கியூ வழி திறந்திருக்கிறது. பாடத் தெரிவுப் படிவத்தில் கையெழுத்து வைக்கும் முன் அந்தக் கைநூலையும் மகளையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒரு மாலை இருந்து பாருங்கள்.