புவிவெப்ப ஏசி என்பது என்ன? தஞ்சாவூர்ப் பக்கம் அது எடுபடுமா?

போர் தண்ணீர் மார்கழி விடியலில் வெதுவெதுப்பாக இருக்கும், சித்திரை மதியத்தில் குளிர்ச்சியாகத் தெரியும். மாறுவது தண்ணீர் அல்ல, வெளிக்காற்று. பத்து மீட்டருக்குக் கீழே மண்ணின் சூடு ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஒன்றுதான். டெல்டாவில் 30 டிகிரியை ஒட்டி நிற்கும்.

சாதாரண ஏசி வீட்டுச் சூட்டை 40 டிகிரி வெயில் காற்றில் தள்ளத் திணறுகிறது. புவிவெப்ப ஏசி அதை மண்ணுக்குள் தள்ளுகிறது. பார வண்டியை மேட்டில் தள்ளாமல் சமதளத்தில் தள்ளுவதுபோல, கம்ப்ரசருக்கு மின்சாரம் குறைவு.

ஒரு டன் ஏசிக்குத் தோராயமாக 60 முதல் 80 மீட்டர் துளை வேண்டும். அதில் யு வடிவ எச்டிபிஇ (கெட்டி பிளாஸ்டிக்) குழாய், அதற்குள் சூட்டைச் சுமந்து சுற்றும் தண்ணீர். குழாயைச் சுற்றியுள்ள இடைவெளியை பென்டோனைட் என்ற களிமண் கலவையால் அடியிலிருந்து மேலாக நிரப்ப வேண்டும். காற்று தங்கினால் சூடு மண்ணுக்குச் சரியாக இறங்காது. அரைகுறை வேலை பெரும்பாலும் இங்கேதான்.

ஈரமான வண்டல் சூட்டை நன்றாகக் கடத்தும், அது நமக்கு வரம். சிக்கல் வேறிடத்தில்: இங்கே குளிர்காலத்தில் வீட்டைச் சூடாக்கத் தேவையில்லை. ஒருவழியாகவே சூட்டைப் போட்டுக்கொண்டிருந்தால் மண்ணும் மெல்லச் சூடேறும். துளைகளுக்கு இடையே 6 மீட்டராவது விடுங்கள். வெளியேறும் சூட்டில் குளிக்க வெந்நீரும் எடுக்கலாம்.

இது வெந்நீர் ஊற்று சமாச்சாரம் அல்ல. நிலத்தடி நீரையும் உறிஞ்சாது, மூடிய குழாயில் அதே தண்ணீர்தான் சுற்றுகிறது.