அடுத்த ஆயில் உங்கள் கையால்

கேள்வி: என் கார் வாங்கி நான்கு ஆண்டுகள் ஆகின்றன. 40,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இதுவரை எல்லா சர்வீஸும் கார் வாங்கிய ஷோரூமின் சர்வீஸ் சென்டரில்தான். இந்த முறை அவர்கள் கொடுத்த மதிப்பீட்டில் சென்ற முறையைப்போல இரண்டு மடங்குத் தொகை. ஆயில், ஃபில்டர்கள், பிரேக் ஆயில் தவிர, எஞ்சின் ஃப்ளஷ், இன்ஜெக்டர் சுத்தம், ஏசி கிருமிநீக்கம் என்று ஏதேதோ எழுதியிருக்கிறார்கள். கூடுதலாக வாங்கிய வாரண்டி இன்னும் எட்டு மாதம் இருக்கிறது. “வெளியே கை வைத்தால் வாரண்டி போய்விடும், அவர்கள் சொல்வதைச் செய்” என்கிறார் அண்ணன். “எல்லாவற்றையும் வீட்டிலேயே செய்யலாம், வீடியோ பார்த்தால் போதும்” என்கிறாள் தோழி. நான் இதுவரை ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றியதில்லை. ஆனால் கற்றுக்கொள்ள ஆசையாக இருக்கிறது. எதை நானே செய்யலாம்? எதைத் தொடவே கூடாது? செய்தது சரிதான் என்று எனக்கு எப்படித் தெரியும்?
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் அந்த மதிப்பீட்டுத் தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். காரோடு கொடுத்த மேனுவல் பெரும்பாலும் டாஷ்போர்டு பெட்டிக்குள் பிரிக்கப்படாமலேயே கிடக்கும். அதை எடுத்து, பராமரிப்பு அட்டவணை இருக்கும் பக்கத்தைத் திறங்கள். எத்தனை கிலோமீட்டரில், அல்லது எத்தனை மாதத்தில், எதை மாற்ற வேண்டும் என்று காரைத் தயாரித்தவர்களே அதில் எழுதியிருக்கிறார்கள். மதிப்பீட்டுத் தாளை அதன் பக்கத்தில் வைத்து வரிவரியாக ஒப்பிடுங்கள். ஆயில் இருக்கும், ஃபில்டர் இருக்கும், பிரேக் ஆயில் இருக்கும். எஞ்சின் ஃப்ளஷ் பெரும்பாலான தயாரிப்பாளர்களின் அட்டவணையில் கிடையாது. குறித்த காலத்தில் ஆயில் மாற்றிவந்த எஞ்சினைக் கழுவ வேண்டிய தேவையும் இல்லை. கார் இழுவை குறையாமல், எஞ்சின் விளக்கு எரியாமல் ஓடிக்கொண்டிருந்தால் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டரைச் சுத்தம் செய்யவும் காரணமில்லை. ஏசியைப் போட்டதும் பூஞ்சை வாடை அடித்தால் கிருமிநீக்கத்தைப் பற்றி யோசிக்கலாம். அட்டவணையில் இல்லாத ஒவ்வொரு வரிக்கும் நேரே “இது ஏன் வேண்டும்? என் காரில் எதைப் பார்த்து எழுதினீர்கள்?” என்று கேளுங்கள். பதில் சொல்ல முடியாத வரியை அடித்துவிடச் சொல்லுங்கள். காசு கொடுப்பவர் நீங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

அடுத்து, எதை நீங்களே செய்யலாம் என்ற கேள்வி. இந்த வேலை எளிதா கடினமா என்று பார்த்து முடிவெடுப்பவர்கள்தான் அதிகம். நான் வேறு கணக்கு வைத்திருக்கிறேன்: இதை நான் தப்பாகச் செய்தால் என்ன நடக்கும்? பிரேக் குழாயைக் கழற்றுவது மிக எளிது, ஒரு ஸ்பேனர் போதும். ஆனால் அதில் நேரும் பிழை இறக்கத்தில் வண்டி நிற்காதபோதுதான் தெரியவரும். கேபின் ஃபில்டரைத் தலைகீழாகச் செருகினால் ஒன்றும் ஆகிவிடாது. கழற்றி மறுபடி செருகலாம். தவறு செய்தால் திருத்திக்கொள்ள இடமிருக்கும் வேலைகளில் தொடங்குங்கள்.

ஆகவே கேபின் ஃபில்டரிலிருந்தே ஆரம்பியுங்கள். பல கார்களில் டாஷ்போர்டு பெட்டியை இரண்டு பக்கமும் அழுத்திக் கீழே இறக்கினால் பின்னால் ஒரு சிறு மூடி தெரியும். அதைத் திறந்து பழையதை இழுத்து, புதியதை அம்புக்குறி பார்த்துச் செருகினால் முடிந்தது. இதற்கு ஸ்பேனர்கூட வேண்டாம். நான் முதன்முதலாக அந்த மூடியைத் திறந்த நாளை மறக்க முடியவில்லை. ஒரு மாதத்துக்கு முன்னால்தான் ஒரு சர்வீஸ் சென்டரில் ‘கேபின் ஃபில்டர் மாற்றப்பட்டது’ என்று பில் போட்டு வாங்கியிருந்தேன். உள்ளே இருந்து வந்தது கம்பளம்போலத் தூசி படிந்த ஒரு கறுப்பு அட்டை. மடிப்புகளுக்கிடையே சருகுகளும் ஓர் ஈயின் சிறகும் இருந்தன. என் குழந்தை அந்தக் காற்றைத்தான் சுவாசித்துக்கொண்டிருந்தது. கோபம் அடங்க வெகுநேரமாயிற்று. எல்லா இடத்திலும் இப்படித்தான் நடக்கும் என்று சொல்லமாட்டேன். நேர்மையாக வேலை செய்யும் மெக்கானிக்குகளை எனக்கு நன்றாகத் தெரியும். ஆனால் மூடியைத் திறந்து பார்க்கத் தெரிந்த பிறகு யாரையும் சந்தேகத்தோடு பார்க்க வேண்டியதில்லை, கண்மூடி நம்பவும் வேண்டியதில்லை. காசு மிச்சமாவதைவிட இதுதான் எனக்குப் பெரிய லாபம்.

எஞ்சினின் ஏர் ஃபில்டரும் இதைப்போலத்தான். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிய ஏறக்குறைய 9,000 லிட்டர் காற்று வேண்டும். அவ்வளவும் அந்த மடித்த காகிதத்தின் வழியாகத்தான் போகிறது. பெட்டியின் கிளிப்புகளைத் தள்ளிவிட்டு மூடியைத் தூக்கும்போது, எஞ்சின் பக்கம் போகும் குழாய்க்குள் தூசியோ சருகோ விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பெட்டியின் அடியை ஈரத்துணியால் துடைத்துவிட்டு, புதிய ஃபில்டரின் ரப்பர் விளிம்பு சுற்றிலும் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வைப்பர் ரப்பர், கண்ணாடி கழுவும் நீர், டயர் காற்று எல்லாம் உங்கள் கைக்கு அடக்கம். டயர் காற்றை மட்டும் வண்டி ஓடாமல் ஆறியிருக்கும்போது பாருங்கள். சரியான அளவு பல கார்களில் ஓட்டுநர் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். பேட்டரியைக் கழற்ற நேர்ந்தால் முதலில் நெகட்டிவ், பிறகு பாசிட்டிவ். மாட்டும்போது முதலில் பாசிட்டிவ். காரின் உடல் முழுவதும் நெகட்டிவோடு இணைந்திருப்பதால், பாசிட்டிவில் வைத்த ஸ்பேனர் தவறி இரும்பில் பட்டால் தீப்பொறி பறக்கும்.

இனி ஆயில். முதலில் பாதுகாப்பு: காரோடு வரும் ஜாக்கி டயர் மாற்ற மட்டுமே. அதை நம்பி ஒருபோதும் வண்டிக்கு அடியில் போகாதீர்கள். சமதரையில் நிறுத்தி, கை பிரேக் போட்டு, தரையில் நிற்கும் சக்கரங்களுக்குக் கட்டை கொடுத்து, தூக்கிய வண்டியைத் தாங்கி நிற்கும் ஜாக்கி ஸ்டாண்டுகளின் மேல் இறக்கிவைத்து, வண்டியை ஒருமுறை அழுத்தி ஆட்டிப் பார்த்த பிறகே உள்ளே தலையை விட வேண்டும். ஸ்டாண்டு இல்லையென்றால் அன்றைக்கு ஆயில் மாற்ற வேண்டாம். இதில் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை.

எஞ்சினை ஐந்து நிமிடம் ஓடவிட்டு அணைத்து, சிறிது நேரம் பொறுங்கள். ஆயில் வெதுவெதுப்பாக இருந்தால் அழுக்கோடு சேர்ந்து நன்றாக வடியும். கொதித்தால் கையைச் சுடும். கீழே அகலமான தட்டை வைத்து, ஆயில் தொட்டியின் அடியில் இருக்கும் வடிக்கும் போல்ட்டை ஸ்பேனரால் தளர்த்திவிட்டு, கடைசி மரைகளை விரலால், உள்நோக்கி அழுத்தியபடி கழற்றுங்கள். போல்ட்டை விலக்கியதும் ஆயில் வளைந்து சற்றுத் தள்ளிப் பாயும்; வேகம் குறையக் குறைய அந்த வளைவு போல்ட்டு ஓட்டைக்கு நேர் கீழே வந்துவிடும். தட்டை நகர்த்தத் தயாராக இருங்கள். ஆயில் கறுத்திருப்பதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். கரியையும் அழுக்கையும் தன்னோடு ஏந்திக்கொண்டு வருவதுதான் அதன் வேலை.

போல்ட்டை மாட்டும்போது வாஷர் புதியதாக இருக்கட்டும். பல கார்களில் ஆயில் தொட்டி அலுமினியம், போல்ட்டோ இரும்பு. பலம் இருக்கிறதே என்று இறுக்கினால் அலுமினியத்தின் மரை சிதைந்துவிடும். அதன் பிறகு எந்த போல்ட்டும் அங்கே பிடிக்காது. எவ்வளவு இறுக்க வேண்டும் என்ற அளவைத் தெரிந்துகொண்டு, இறுக்கும் விசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்சை அந்த அளவுக்கு வைத்து இறுக்குங்கள். நீங்கள் வாங்க வேண்டிய முதல் நல்ல கருவி அதுதான்.

ஃபில்டரில்தான் நான் அடிபட்டேன். திருகும் வகை ஆயில் ஃபில்டரின் வாயில் ஒரு ரப்பர் வளையம் இருக்கும். பழையதைக் கழற்றும்போது சில சமயம் அந்த வளையம் எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டு நின்றுவிடும். அதைக் கவனிக்காமல் அதன் மேலேயே புதியதைத் திருகிவிட்டேன். இரண்டு வளையங்கள் ஒன்றின் மேல் ஒன்று. வண்டி நின்றிருந்தவரை ஒரு துளியும் ஒழுகவில்லை. சாலையில் எஞ்சின் வேகமெடுத்து அழுத்தம் ஏறியதும் வளையம் பிதுங்கி, ஆயில் விளக்கு எரிந்தது. உடனே ஓரங்கட்டி அணைத்ததால் எஞ்சின் தப்பியது. இன்னும் ஒரு நிமிடம் ஓட்டியிருந்தால் பேரிங்குகள் போயிருக்கும். ஆகவே பழைய ஃபில்டரைக் கழற்றியதும் அதன் வாயைப் பாருங்கள், வளையம் அதிலேயே இருக்கிறதா என்று. எஞ்சினில் அது உட்காரும் இடத்தையும் துணியால் துடைத்து, தொட்டுப் பாருங்கள். புதிய வளையத்தில் புது ஆயிலைத் தடவி, கையால் திருகி, வளையம் தொட்டதும் மேலும் முக்கால் சுற்று. பல ஃபில்டர்களின் மேலேயே இந்த அளவு அச்சிட்டிருக்கும்.

எந்த ஆயில் என்பதை விற்பவரிடம் கேட்காதீர்கள், மேனுவல் சொல்லும். 5டபிள்யூ-30 என்றால், 5டபிள்யூ குளிரில் ஆயில் எப்படி ஓடும் என்பதையும், 30 சூடான எஞ்சினில் அது எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதையும் சொல்கின்றன. இதைப் படிக்கும் இருசக்கர வாகனக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை: பெரும்பாலான பைக்குகளில் கிளட்சும் கியரும் அதே ஆயிலில்தான் முங்கியிருக்கின்றன. கார் ஆயிலை ஊற்றினால் கிளட்சு வழுக்கலாம். டப்பாவில் பைக் ஆயிலுக்கான ஜாசோ எம்ஏ அல்லது எம்ஏ2 என்ற தரக் குறி இருக்கிறதா என்று பாருங்கள்.

தொடக் கூடாதவை. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகைக்கான தரத்தின்படி புதிதாக இருக்கும்போது அதன் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ், 3.7 சதவீதம் நீர் சேர்ந்துவிட்டால் 155 டிகிரி இருந்தாலே போதும் என்று அதே தரம் ஏற்றுக்கொள்கிறது. நீண்ட இறக்கத்தில் பிரேக் சூடேறும்போது பழைய திரவம் கொதித்து ஆவியாகும். ஆவி அமுங்கும், பெடல் தரையைத் தொடும். அதனால் மதிப்பீட்டில் இருக்கும் பிரேக் ஆயில் வரியை அடிக்காதீர்கள், காசு கொடுத்து மாற்றுங்கள். அதை மாற்றும்போது குழாயில் ஒரு காற்றுக்குமிழி தங்கினாலும் இதே கதிதான் என்பதால், பழகிய கைகளிடம் விடுங்கள். பிரேக் பேட் எவ்வளவு மிச்சமிருக்கிறது என்று சக்கரத்தின் இடைவெளியில் டார்ச் அடித்துப் பார்ப்பது மட்டும் உங்கள் வேலை. 3 மில்லிமீட்டரை நெருங்கினால் சர்வீஸுக்குச் சொல்லுங்கள்.

டைமிங் பெல்ட், ஸ்டியரிங், ஏர்பேக் எதையும் தொட வேண்டாம். வால்வுகளைப் பிஸ்டனோடு ஒத்து இயங்கவைக்கும் டைமிங் பெல்ட்டைப் பல் தள்ளி மாட்டினால், பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிவிடக்கூடும். மஞ்சள் உறை போட்ட வயர்கள் பெரும்பாலும் ஏர்பேக்குக்குப் போகிறவை; ஹைப்ரிட், மின்சாரக் கார்களில் ஆரஞ்சு நிறக் கேபிள்கள் ஆளைக் கொல்லும் மின்னழுத்தம் கொண்டவை. எஞ்சின் சூடாக இருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள்.

வாரண்டி விஷயத்தில் உங்கள் அண்ணனின் எச்சரிக்கையை நான் தள்ளமாட்டேன். தயாரிப்பாளர் தன் சேவையைத்தான் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று வாரண்டிக்கு நிபந்தனை போடக் கூடாதென அமெரிக்காவில் 1975இலேயே சட்டம் வந்தது. எல்லா நாட்டிலும் அப்படி இல்லை. அதோடு, கூடுதலாக வாங்கும் வாரண்டி பெரும்பாலும் தனி ஒப்பந்தம். உங்கள் வாரண்டிப் புத்தகத்தைப் படியுங்கள். அட்டவணைப்படியான சர்வீஸ் அங்கீகரிக்கப்பட்ட இடத்தில்தான் நடக்க வேண்டும் என்று இருந்தால், இந்த முறை அட்டவணையில் உள்ளதை மட்டும் அவர்களிடமே செய்யுங்கள். எட்டு மாதத்துக்காக எஞ்சினின் பாதுகாப்பை இழப்பது புத்திசாலித்தனமில்லை. வாரண்டி முடிந்த பிறகும் தயாரிப்புக் குறைபாட்டுக்காகக் கார் திரும்ப அழைக்கப்பட்டால், அந்த வேலைக்கு அவர்களிடம்தான் போக வேண்டும். அதற்குப் பொதுவாகக் காசு வாங்கமாட்டார்கள்.

இந்த எட்டு மாதமும் வாரம் ஒருமுறை பானெட்டைத் திறங்கள். ஆயில் குச்சியை உருவித் துடைத்து மறுபடி விட்டு அளவு பாருங்கள். எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் அதன் தொட்டியில் இரு கோடுகளுக்கிடையே நிற்கிறதா என்று பாருங்கள். வண்டி நின்ற இடத்தில் கறை இருக்கிறதா என்று பாருங்கள். ஒரு நோட்டில் தேதியும் கிலோமீட்டரும் போட்டு எழுதிவையுங்கள். நீங்களே வேலை செய்யத் தொடங்கியதும் ஆயில், ஃபில்டர் வாங்கிய பில்லும் அதே நோட்டில் இருக்கட்டும். காரை விற்கும் நாளில் அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

வாரண்டி முடிந்தபின் வரும் ஆயில் மாற்றம் உங்களுடையது. ஊற்றும்போது மேனுவல் சொன்ன அளவுக்குக் கால் லிட்டர் குறைவாக ஊற்றிவிட்டு, குச்சியில் பார்த்துப் பார்த்து நிரப்புங்கள். எஞ்சினைக் கிளப்பியதும் ஆயில் விளக்கு சில நொடிகளில் அணைய வேண்டும்; அணையாவிட்டால் உடனே நிறுத்துங்கள். அணைந்துவிட்டால், ஓடவிட்டபடியே வெளியே நின்று குனிந்து, போல்ட்டையும் ஃபில்டரையும் டார்ச் வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு நிறுத்தி, சில நிமிடம் பொறுத்து அளவை மறுபடி சரிபாருங்கள். வடித்த ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் காலி டப்பாவில் அடைத்து, பழைய ஆயில் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

செய்தது சரியா என்று எப்படித் தெரியும் என்று கேட்டிருந்தீர்கள். வீட்டைச் சுற்றி ஒரு பத்து கிலோமீட்டர் ஓட்டிவந்து நிறுத்தி, எஞ்சினுக்கு நேர் கீழே ஒரு வெள்ளை அட்டையை விரித்துவையுங்கள். காலையில் எழுந்ததும் அதை இழுத்துப் பாருங்கள். அட்டை வெள்ளையாகவே இருந்து, குச்சியில் அளவும் குறையாமல் இருந்தால், நீங்கள் சரியாகச் செய்திருக்கிறீர்கள்.