டிஜிட்டல் தொழில்நுட்பத்தால் கற்பித்தலிலும் கற்றலிலும் உண்மையிலேயே என்ன மாறியிருக்கிறது? ஆசிரியர் எதைக் கையில் எடுக்கலாம், எதை விட்டுவிடலாம்?

ஒரு மாணவர் தப்பாகப் புரிந்துகொண்டிருக்கிறார் என்பது ஆசிரியருக்குத் தெரியவர முன்பெல்லாம் வாரக்கணக்கில் ஆகும். தேர்வு வைத்து, தாள் திருத்தி, மதிப்பெண் போட்டுக் கொடுப்பதற்குள் வகுப்பு இரண்டு பாடம் தள்ளிப் போயிருக்கும். இப்போது அது இரண்டு நிமிடத்தில் தெரிந்துவிடும். மாற்றம் என்று நான் எண்ணுவது இதைத்தான். கரும்பலகை திரையானதும் நோட்டு டேப்லெட் ஆனதும் இதன் முன்னால் சில்லறை விஷயங்கள். எந்தக் கருவியானாலும் அதனிடம் கேட்க வேண்டியது ஒன்றுதான்: தவறு நடந்ததற்கும் அது தெரியவருவதற்கும் இடையே உள்ள நேரத்தை இது குறைக்கிறதா?

கருவி வந்தால் படிப்பே மாறிவிடும் என்ற நம்பிக்கைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. சினிமா வந்துவிட்டது, பள்ளிகளில் இனிப் புத்தகத்துக்கு வேலை இருக்காது என்று 1913இலேயே சொன்னவர் தாமஸ் எடிசன். அதன்பின் ரேடியோ, தொலைக்காட்சி, 1960இல் அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகம் பாடம் நடத்த உருவாக்கிய பிளேட்டோ கணினி என்று அலை அலையாக வந்தன. 2012இல் பெரிய பல்கலைக்கழகங்கள் பாடங்களை இணையத்தில் இலவசமாகத் திறந்துவிட்டபோது இனி வகுப்பறையே தேவையில்லை என்ற பேச்சு மறுபடி கிளம்பியது. எம்ஐடி, ஹார்வர்டு ஆகிய இரண்டு அமெரிக்கப் பல்கலைக்கழகங்களும் எட்எக்ஸ் என்ற இணையப் பாடத் தளத்தில் நடத்திய பாடங்களை அலசி 2019இல் வெளியான ஆய்வில், பதிவு செய்தவர்களில் கடைசிவரை முடித்தவர்கள் 2017-18இல் ஏறக்குறைய 3 சதவீதம். பாடம் கையில் கிடைக்காததுதான் சிக்கல் என்றால் இந்த எண் இவ்வளவு சிறியதாக இருந்திருக்காது.

சரி, அந்த இரண்டு நிமிடத்துக்கு வருவோம். ஹார்வர்டில் இயற்பியல் கற்பிக்கும் எரிக் மசூர் 1990களின் தொடக்கத்தில் உருவாக்கிய முறை இதற்கு நல்ல அடித்தளம். கருத்தைச் சோதிக்கும் ஒரே ஒரு கேள்வி, நான்கு விடைகள். ஒன்றிரண்டு நிமிடம் யாரோடும் பேசாமல் யோசித்து, ஒவ்வொருவரும் தன் விடையை அனுப்ப வேண்டும். 70 சதவீதத்துக்கு மேல் சரியாகச் சொல்லியிருந்தால் ஒரு வரி விளக்கம் போதும், மேலே போகலாம். 30க்குக் கீழே என்றால் விவாதம் வீண். திரும்ப நடத்த வேண்டும், வேறு வழியில். இரண்டுக்கும் நடுவே இருந்தால், வேறு விடை சொன்ன பக்கத்து மாணவரோடு இரண்டு மூன்று நிமிடம் வாதாடிவிட்டு மறுபடி விடை அனுப்பச் சொல்ல வேண்டும்.

இதில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. முதல் சுற்று முடிந்ததும் எந்த விடைக்கு எத்தனை பேர் என்ற பட்டை வரைபடத்தைத் திரையில் காட்டிவிடுவார்கள். பிறகு விவாதம் எங்கே நடக்கும்? உயரமான பட்டை எதுவோ அதுதான் சரி என்று எல்லோரும் அந்தப் பக்கம் சாய்ந்துவிடுவார்கள். இரண்டாம் சுற்று முடியும் வரை வரைபடம் ஆசிரியர் கண்ணுக்கு மட்டும்தான்.

ஆனால் கேள்வி மொக்கையாக இருந்தால் எந்தக் கருவியும் உதவாது. ஒவ்வொரு தவறான விடையும் ஒரு குறிப்பிட்ட தவறான எண்ணத்தைப் பிடிக்கும் தூண்டிலாக இருக்க வேண்டும். தசம எண்களை எடுத்துக்கொள்வோம். 0.367, 0.45, 0.8 இவற்றில் பெரியது எது? இலக்கம் கூடினால் எண்ணும் பெரிது என்று நம்பும் பிள்ளை 0.367 என்று சொல்லி மாட்டிக்கொள்ளும். 0.8 என்று சொன்னவர்களுக்கெல்லாம் புரிந்துவிட்டதா? இல்லை. தசமத்தில் இலக்கம் குறைந்தால்தான் பெரிது என்று தலைகீழாக நம்புகிறவர்களும் உண்டு, அவர்களும் 0.8 என்றே சொல்வார்கள், சரியான விடை, தவறான காரணம். அதனால் இரண்டாவது கேள்வி வேண்டும்: 0.3, 0.52, 0.714 இவற்றில் பெரியது எது? இப்போது இரண்டாம் வகையினர் 0.3 என்று சொல்லி வெளிப்படுவார்கள். முதல் வகையினர் இதில் தற்செயலாகச் சரியாகச் சொல்லித் தப்பிவிடுவார்கள். இரண்டிலும் சரியாகச் சொன்னவரைத்தான் புரிந்தவர் கணக்கில் சேர்க்கலாம். இந்த ஜோடிக் கேள்வியைத் தாளில் எழுதவைத்தும் கண்டுபிடிக்கலாம்தான். நாற்பது தாளைப் புரட்டி யார் எந்த வகை என்று பிரிப்பதற்குள் மணி அடித்துவிடும். ஒரு படிவமும் விரிதாளும் அதை உடனே பிரித்துக் கொடுத்துவிடும்.

எல்லோரிடமும் போன் இருக்க வேண்டும் என்பதில்லை. பிளிக்கர்ஸ் போன்ற முறையில் ஒவ்வொரு மாணவர் கையிலும் ஒரு குறியீட்டு அட்டை இருக்கும். அட்டையின் எந்தப் பக்கம் மேலே இருக்கிறதோ அதுதான் விடை. ஆசிரியர் தன் ஒரே போனின் கேமராவை வகுப்பின் மேல் ஓட்டினால் போதும். அட்டையை பளபளப்பாக லேமினேட் செய்யாதீர்கள், விளக்கு வெளிச்சம் பட்டு கேமரா கோட்டை விடும். விரல் குறியீட்டின் மேல் பட்டாலும் பதியாது. ஓரத்தைப் பிடிக்கச் சொல்லுங்கள்.

கூகுள் படிவம் போன்றவற்றில் தானாகத் திருத்தவைக்கும்போது, எழுத்தில் தரும் விடையை அது புரிந்து திருத்துவதில்லை, எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுகிறது. 0.5 என்று விடை வைத்திருந்தால் 1/2 என்றோ .5 என்றோ எழுதியவருக்கு முட்டைதான். எந்த வடிவத்தில் எழுத வேண்டும் என்று கேள்வியிலேயே சொல்லுங்கள், ஏற்கத்தக்க விடைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே சேர்த்து வையுங்கள். அடுத்தது மதிப்பெண் மயக்கம்: நான்கு விடைகள் கொண்ட 10 கேள்வியில் எதையும் படிக்காமல் கண்ணை மூடிக்கொண்டு தொட்டாலும் சராசரியாக 2.5 கிடைக்கும். இதில் கவுண்ட்டவுன் கடிகாரமும் முதலிடப் பட்டியலும் சேர்ந்துவிட்டால் பிள்ளைகள் யோசிப்பதை விட்டு விரலை வேகப்படுத்துவார்கள். வகுப்பு கலகலப்பாக இருக்கும், யாருக்கு என்ன புரியவில்லை என்பது மட்டும் தெரியாது.

மாணவர் பக்கம் வந்தால், மிகவும் உருப்படியான மாற்றம் விளம்பரமே இல்லாமல் வந்தது: இடைவெளி விட்டு நினைவுகூர்தல். படித்தது எவ்வளவு சீக்கிரம் மறக்கிறது என்பதை ஜெர்மன் உளவியலாளர் எபிங்ஹாஸ் 1885இலேயே அளந்து எழுதிவிட்டார். உளவியலாளர்கள் ரோடிகரும் கார்பிக்கியும் 2006இல் வெளியிட்ட சோதனையில், திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து வைத்த தேர்வில் முந்தினார்கள்; ஒரு வாரம் கழித்து வைத்த தேர்விலோ, பார்க்காமல் எழுதிப் பழகியவர்கள் முந்திவிட்டார்கள். தேர்வுக்கு முந்தின இரவு வாசிப்பவருக்கு எல்லாம் தெரிந்தது போல் இருப்பதற்கும் பிறகு காற்றோடு போவதற்கும் காரணம் இதுதான். ஆங்கி போன்ற செயலிகளில் ஒரு பக்கம் கேள்வியும் மறுபக்கம் விடையுமாக அட்டைகள் இருக்கும்; ஒவ்வொரு அட்டையையும் அவை நாம் மறக்கப்போகும் சமயம் பார்த்து எடுத்து நீட்டுகின்றன.

இந்தச் செயலிகளைப் பலர் இரண்டு வாரத்தில் கைவிடக் காரணம் சோம்பல் இல்லை, கணக்கு. ஒரு நாளைக்கு 20 புதிய அட்டை சேர்த்தால் சில வாரங்களில் அன்றாடம் திரும்பப் பார்க்க வேண்டியவை அதைப் போல் 7 முதல் 10 மடங்கு, அதாவது 150, 200 என்று ஏறிவிடும். இரண்டு நாள் விட்டால் 400 அட்டை குவிந்து கிடக்கும், பார்த்ததும் மூடத் தோன்றும். 5 முதல் 8 வரை போதும். ஓர் அட்டையில் ஒரே ஒரு விஷயம். ‘ஒளிச்சேர்க்கையை விளக்குக’ என்பது அட்டைக்கான கேள்வி இல்லை. ‘ஒளிச்சேர்க்கையில் வெளியேறும் ஆக்சிஜன் எதிலிருந்து வருகிறது?’ என்பது அட்டை. விடை நீர். கார்பன் டை ஆக்சைடு என்று சொல்கிறவர்கள்தான் அதிகம்.

வீடியோவைப் பற்றிச் சுருக்கமாக. எட்எக்ஸ் தளத்தில் 69 லட்சம் பார்வை அமர்வுகளை ஆராய்ந்து 2014இல் வெளியான ஆய்வின்படி, வீடியோ எவ்வளவு நீளமாக இருந்தாலும் மாணவர்கள் பார்க்கும் நேரத்தின் இடைநிலை அளவு 6 நிமிடத்தைத் தாண்டவில்லை. 45 நிமிட வகுப்பை அப்படியே பதிந்து ஏற்றுவது யாருக்கும் உதவாத வேலை. ஒரு வீடியோவில் ஒரு கருத்து, முடிவில் இரண்டு கேள்வி. திரையில் உள்ள வாக்கியத்தையே வாயாலும் வாசிக்காதீர்கள். கண்ணும் காதும் ஒரே சொற்களைத் துரத்தும்போது புரிதல் குறைகிறது. திரையில் படம், வாயில் விளக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். படம் கொஞ்சம் மங்கினால் பொறுத்துக்கொள்வார்கள், ஒலி கெட்டால் மூடிவிடுவார்கள். மைக் வாயிலிருந்து 15, 20 செ.மீ. தூரத்தில் இருக்கட்டும், வெற்றுச் சுவர் அறையில் எதிரொலிக்கும், திரைச்சீலையோ துணி அலமாரியோ உள்ள அறை நல்லது.

டேட்டா கணக்கையும் பாருங்கள். விநாடிக்கு 1.5 மெகாபிட் என்று ஏற்றினால் 10 நிமிடம் 112 எம்பி. எழுதிக் காட்டும் பாடத்துக்கு 500 கிலோபிட் தாராளம், 37 எம்பியில் முடிந்துவிடும். ஒலியை மட்டும் 64 கிலோபிட்டில் கொடுத்தால் 5 எம்பிகூட இல்லை. வீடியோ, ஒலி, பிடிஎஃப் மூன்றையும் சேர்த்தே போடுவது நல்ல பழக்கம்.

வீட்டில் வீடியோ, வகுப்பில் பயிற்சி என்ற தலைகீழ் வகுப்பறை முறை ஒரே காரணத்தால்தான் பெரும்பாலும் படுத்துவிடுகிறது. பார்க்காமல் வந்தவர்களுக்காக ஆசிரியர் இரக்கப்பட்டு முழுப் பாடத்தையும் மறுபடி நடத்துவார். பார்த்துவிட்டு வந்தவர் முட்டாளாகிறார். அடுத்த வாரம் யாருமே பார்க்க மாட்டார்கள். வகுப்பின் முதல் மூன்று நிமிடம் ஒரு சின்ன வினா வைத்து, தவறியவர்களை ஓர் ஓரத்தில் வீடியோ பார்க்க வைத்துவிட்டு மற்றவர்களோடு பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

எல்லாவற்றையும் திரைக்கு மாற்றத் தேவையில்லை என்பதையும் சொல்ல வேண்டும். தாளில் வாசிப்பதையும் திரையில் வாசிப்பதையும் ஒப்பிட்ட 54 ஆய்வுகளைத் தொகுத்து 2018இல் வந்த கட்டுரை, தகவல் நிறைந்த பாடப்பகுதிகளில், அதுவும் நேரக் கட்டுப்பாடு இருக்கும்போது, தாளுக்கே புரிதல் கூடுதல் என்றது. கதைகளில் அந்த வேறுபாடு தெரியவில்லை. நீளமான பாடத்தை அச்சில் கொடுங்கள்.

இனி ஏஐ, அதாவது செயற்கை நுண்ணறிவு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வந்தபிறகு, நான் மேலே சொன்ன கணக்கே குழம்பிவிட்டது. அதுவரை வீட்டுப்பாடம் பார்த்தால் மாணவருக்கு என்ன தெரியும் என்று ஓரளவு தெரியும். இப்போது தவறே இல்லாத வீட்டுப்பாடம் வருகிறது, உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிவதில்லை. துருக்கியில் ஓர் உயர்நிலைப் பள்ளியின் ஏறக்குறைய ஆயிரம் மாணவர்களிடம் நடந்த கணிதச் சோதனை இதைத் துல்லியமாகக் காட்டுகிறது. சாதாரண ஏஐ உரையாடலைப் பயன்படுத்தியவர்கள் பயிற்சிக் கணக்கில் 48 சதவீதம் கூடுதலாகச் செய்தார்கள். அதைப் பிடுங்கிவிட்டுத் தேர்வு வைத்தபோது, ஏஐயே தொடாதவர்களைவிட 17 சதவீதம் பின்தங்கினார்கள். இன்னொரு குழுவுக்குக் கொடுத்த ஏஐயிடம் விடையைச் சொல்லாதே, குறிப்பு மட்டும் கொடு என்று கட்டளையிட்டு, சரியான தீர்வையும் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறுகளையும் ஆசிரியர்களே எழுதிச் சேர்த்திருந்தார்கள். அவர்கள் பயிற்சியில் 127 சதவீதம் முன்னேறினார்கள், தேர்வில் அந்தச் சரிவு பெருமளவு மறைந்துவிட்டது. அப்படியும் தேர்வில் மற்றவர்களை முந்தவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஆகவே மாணவரிடம் ஏஐயைக் கொடுப்பதென்றால் வெறுமனே கொடுக்காதீர்கள். கட்டளையில் நான்கு விஷயம் இருக்கட்டும்: கணக்கின் முழுத் தீர்வு, எதிர்பார்க்கும் தவறுகள், ஒரு தடவைக்கு ஒரு குறிப்புதான் என்ற வரம்பு, மாணவர் தன் முயற்சியை முதலில் எழுதிக்காட்டாமல் எதுவும் சொல்லக்கூடாது என்ற நிபந்தனை. தீர்வை நீங்களே கொடுப்பது முக்கியம். இல்லாவிட்டால் அது தன்னம்பிக்கையோடு தவறான வழியைக் காட்டும், தெரியாத பிள்ளை அதையே பிடித்துக்கொள்ளும்.

ஏஐ எழுதியதைக் கண்டுபிடிக்கும் மென்பொருளை நம்பி யாரையும் தண்டிக்காதீர்கள். ஓபன்ஏஐ நிறுவனமே தன் கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் திரும்பப் பெற்றது. ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவர்கள் டோஃபல் என்ற ஆங்கிலத் திறன் தேர்வுக்கு எழுதிய 91 கட்டுரைகளை ஏழு கருவிகளில் கொடுத்துப் பார்த்த ஆய்வில், சராசரியாகப் பாதிக்கு மேற்பட்டவற்றை ஏஐ எழுதியது என்று அவை தவறாகச் சொல்லின. எளிய சொற்களில் எழுதியதுதான் குற்றம்.

அதைவிட வாய்மொழியாகக் கேட்டுவிடலாம். ‘இந்த மூன்றாம் பத்தியில் இப்படிச் சொல்லியிருக்கிறாயே, ஏன்?’ என்று மூன்று நிமிடம் பேசினால் போதும். நாற்பது பேருக்கு 120 நிமிடம் ஆகும், அது நடக்கிற காரியமில்லை. ஒவ்வொரு ஒப்படைப்புக்கும் குலுக்கல் முறையில் எட்டுப் பேரை மட்டும் கூப்பிடுங்கள்; 24 நிமிடத்தில் முடியும். யார் பெயர் வரும் என்று முன்கூட்டித் தெரியக்கூடாது, ஒருமுறை வந்தவர் பெயரையும் குலுக்கலிலிருந்து எடுக்கக்கூடாது. எடுத்துவிட்டால் அவர் அடுத்த ஒப்படைப்பை அன்றைக்கே ஏஐயிடம் கொடுத்துவிடுவார்.